எல்லாரும் சாப்பிடுகிற குழம்பு

எங்கள் நெல்லைப் பக்கம் கிறிஸ்துமஸுக்கு என்ன சமைப்பது என்று யாரும் யோசிப்பதில்லை. விடிகாலை ஆராதனை முடிந்து வந்தால் மட்டன் பிரியாணி. முந்திரிக்கொத்தும் முறுக்கும் அதற்கு முன்பே டப்பாக்களில் நிறைந்திருக்கும். பினாங்குக்குப் படிக்க வந்த பிறகோ, யார் யார் வருகிறார்கள் என்று தெரியாமல் கறிக்கடைப் பக்கமே போக முடிவதில்லை.

வருகிறவர்களைச் சொல்கிறேன். மேடானிலிருந்து வந்து படிக்கும் பாத்தாக் இனக் கிறிஸ்தவத் தோழிக்குப் பன்றிக்கறி இல்லாவிட்டால் அது அரைக் கிறிஸ்துமஸ். கெடாவிலிருந்து வரும் மலாய்த் தோழிக்கு இறைச்சியும் ஹலாலாக இருக்க வேண்டும், பாத்திரமும் பன்றி படாததாக இருக்க வேண்டும். ஈப்போக்காரச் சீனத் தோழி வீட்டில் குவான் யின் வழிபாடு. மாடு தொடமாட்டாள், ஆட்டு வாடையும் ஆகாது. சுங்கைப்பட்டாணி அண்ணன் டிசம்பரானால் ஐயப்பனுக்கு மாலை போட்டுவிடுவார். இத்தனையும் சுங்கை டுவாவில் ஒரு வாடகை வீட்டின் இரட்டை அடுப்பில் நடக்க வேண்டும்.

பன்றி, மாடு, ஆடு எல்லாம் போக மிஞ்சுவது கோழி. அதைத் 'டெவில் கறி'யாக வைக்கலாம் என்று யோசனை சொன்னவள் ஈப்போக்காரி. புலாவ் திக்குஸ் பக்கத்து யூரேசியக் கத்தோலிக்கர்களின் கிறிஸ்துமஸ் குழம்பு அது. அவர்களே வந்தேறிகள்தான், 1811இல் புக்கெட்டிலிருந்து வந்து அங்கே குடியேறிய கூட்டம். பண்டிகையில் மிஞ்சிய இறைச்சியையெல்லாம் போட்டு மறுநாள் கொதிக்க வைப்பதுதான் இதன் பழைய வழக்கம். நமக்கு மிச்சம் வைக்க எதுவும் இல்லாததால் முதல் நாளே வைத்துவிடுகிறோம்.

சௌராஸ்தா சந்தையில் காய்ந்த மிளகாய், பேரரத்தை, எலுமிச்சைப்புல், 'புவா கெராஸ்' என்கிற கொட்டை வாங்க வேண்டும். கொட்டை பார்க்கப் பெரிய வெள்ளைப் பூண்டுப் பல் மாதிரி இருக்கும். பச்சையாக வாயில் போடக் கூடாது, வயிற்றைக் கலக்கிவிடும். அரைத்து வதக்கினால் முந்திரி விழுது போலக் குழம்பைத் திரட்டித் தரும். மசாலாவை எண்ணெய் பிரியும் வரை விடாமல் கிண்ட வேண்டும். கடைசியில் கடுகும், ஹலால் முத்திரை பார்த்து வாங்கிய வினிகரும். வினிகர் விழுந்ததும் எழும் நெடியில் வீடே இருமும். கோழி அடுக்களைக்குள் நுழையுமுன் அண்ணன் தன் கையாலேயே பருப்பும் சோறும் ஆக்கி, ஹாலில் தனியே மூடி வைத்துவிடுவார். பாத்திரத்துக்கு ஒரே வழிதான்: புது வாணலி, காகிதத் தட்டு.

பல நாட்டார் ஒரே கூரையின் கீழ் கூடும் இந்தப் பஞ்சாயத்து பினாங்குக்குப் புதிதல்ல. ஆசியாவின் பல நாட்டு இளைஞர்களைக் குருக்களாக்கப் பாரிஸ் வேதபோதக சபை 1665இல் அயுத்யாவில் ஒரு குருமடம் தொடங்கியது. போரும் கலகமும் துரத்த, அது நாடு நாடாக அலைந்தது. 1770 வாக்கில் அது வந்து ஒதுங்கிய இடம் எது தெரியுமா? நம் புதுச்சேரிக்குத் தெற்கே இருக்கும் வீராம்பட்டினம்! செங்கழுநீரம்மன் தேரோட்டத்துக்குப் பேர்போன மீனவக் கிராமம். அங்கும் நிலைக்காமல் 1782இல் மூடப்பட்டு, 1808இல் பினாங்கில் மறுபடி பிறந்தது. வியட்நாம், சீனா, சயாம் என்று பல திசைகளிலிருந்து பிள்ளைகள் பாய்மரக் கப்பலில் வந்தார்கள். ஒருவர் மொழி ஒருவருக்குப் புரியாததால் லத்தீன்தான் பொது மொழி. கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போய்வருவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்படிப் படித்துவிட்டு ஊர் திரும்பிய வியட்நாமியர்களில் ஒருவர் பிலிப் மின். 1853இல் விசுவாசத்துக்காக அவர் தலை வெட்டப்பட்டது. 1988இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

சுற்றுலா வழிகாட்டிகள் இங்கே 'ஒற்றுமைத் தெரு' ஒன்றைக் காட்டுவார்கள். 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் ஆலயம், குவான் யின் கோயில், மகா மாரியம்மன் கோயில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் எல்லாம் கூப்பிடு தூரத்தில். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கட்டடங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதற்கு யாரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. பண்டிகைக்கு அமைச்சர்கள் எல்லாரையும் அழைத்து நடத்தும் 'திறந்த இல்ல' உபசரிப்பிலும் அப்படித்தான். வரிசையில் நின்று, தட்டை நிரப்பி, படம் எடுத்துக்கொண்டு போய்விடலாம். ஒரே வாணலி என்றால்தான் தகராறு வரும். மேடான்காரி தன் பன்றிக்கறியைப் புத்தாண்டுக்குத் தள்ளி வைத்தாள், முணுமுணுத்துக்கொண்டேதான். கெடாக்காரி எங்கள் ஜெபத்துக்கு வருவதில்லை. முடிந்ததும் வந்து, எல்லாருக்கும் முன்னால் இரண்டாம் தட்டுக்குக் கை நீட்டுவாள். ரெண்டுமே எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

சாப்பாட்டுக்கு நடுவே அம்மா வீடியோவில் வந்தாள். போனை வாணலிப் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

"என்னட்டி அது, சேப்பா?"

"கோழிம்மா."

"கிறிஸ்மஸும் அதுவுமா கோழியா எடுத்த? மட்டன் என்ன வெலைட்டி அங்க?"

வெள்ளிக்கணக்கில் சொன்னேன். அம்மா ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு, அந்தக் கோழியில் ஒரு துண்டு அண்ணனுக்கு வைக்கச் சொன்னாள். மாலை போட்டிருக்கிறார் என்றேன்.

"அப்ப தயிராவது வச்சியா அந்தப் புள்ளைக்கி?"