மேளகாரர் எங்கட பிளேலிஸ்ட் இல்லை

உடுவில், இணுவில் பக்கம் திருவிழாக் காலத்தில் மேளச்சமா நடக்கிற கோயில் வீதியில் நின்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். நாதஸ்வரக்காரர் ஒரு இராகத்தை எடுத்து மெல்ல மெல்ல விரித்துக்கொண்டு போவார். பத்து நிமிசம் போகாது, கூட்டத்துக்குள் இருந்து ஒரு துண்டு போகும்: இன்ன படத்தில் இன்ன பாட்டு. இராகம் பாதியில் நிற்கும். பாட்டு வரும். விசிலடி கிளம்பும், ஃபோன்கள் எல்லாம் மேலே எழும்பும். அடுத்தநாள் சந்தியில் நின்று பெரியவர்கள் சிலர் "கலை அழிஞ்சு போச்சு, அந்தக் காலத்து வாசிப்பு வருமோ" எண்டு கதைப்பார்கள்.

இந்த இரண்டு கூட்டத்தோடும் எங்களுக்குச் சண்டை இருக்கு. ஏனென்றால் இரண்டு பேரும் கேட்பது ஒன்றைத்தான். தங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததைத் திருப்பித் தா என்கிறார்கள். ஒருவருக்குப் போன மாதம் வந்த படம், மற்றவருக்கு ஐம்பது வருசத்துக்கு முந்திய ஒலிப்பதிவு. நடுவில் நிற்கிற கலைஞருக்குத் தானாக ஒன்றைச் செய்து பார்க்க இடமே இல்லை.

முதலில் "அந்தக் காலம்" ஆட்களிடம் வருவோம். நீங்கள் மரபு என்று காவல் காக்கிற நாதஸ்வரமே ஒரு பரிசோதனையில் வந்ததுதான். முந்தி இருந்தது திமிரி. கட்டையானது, சுருதி உயர்ந்தது. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியோடு சேர்ந்து நீளமான பாரி நாதஸ்வரத்தை மேடைக்குக் கொண்டுவந்தவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. ஒத்தை விட்டுவிட்டுத் தம்புராவை வைத்துக்கொண்டவரும் அவர்தான். கீபோட்டைக் கண்டதும் முகம் சுழிக்கிறவர்கள், ஐரோப்பாவிலிருந்து வந்த வயலின் இல்லாமல் ஒரு கச்சேரியை நினைத்துப் பார்ப்பார்களா? மருதனார்மடத்தில் அதைப் பிள்ளைகள் எங்கட வாத்தியமாகத்தானே படிக்கிறார்கள்.

எங்கட ஊர்ப் பெருமைக்கே வருவோம். இணுவில் விஸ்வலிங்கத்தின் மகன் தெட்சணாமூர்த்தி, 1933இல் பிறந்து 1975இல் போய்விட்டார். காருகுறிச்சி அருணாசலம், நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் போன்றவர்களுக்குத் தவில் வாசித்தவர். அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்துக்கு இந்தியாவின் தேசிய விருதும் கிடைத்தது. அவருடைய பழைய பதிவுகளைக் கேட்டுப் பாருங்கோ. ஒலி கரகரக்கும், பரவாயில்லை. அவ்வளவு வேகத்திலும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழும். கணக்கு எங்கே போய் முடியப்போகுது என்று நாங்கள் ஊகிக்கிறதுக்குள் அவர் வேறொரு வழியால் வந்து சமத்தில் நிற்பார். "தகப்பனார் வாசிச்ச மாதிரி மட்டும் வாசி தம்பி" என்று சொல்லி அவரை உட்கார்த்தியிருந்தால் இன்றைக்குப் பெருமைப்பட எங்களிடம் என்ன இருந்திருக்கும்?

பொப் பாட்டும் அப்படித்தான். போர்த்துக்கேயர் காலத்து வழியில் வந்த பைலாத் தாளத்தில் நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' பாடினார், ஏ. ஈ. மனோகரன் 'சுராங்கனி' பாடினார். தமிழிலே ஒரு புதுக் கூத்து. இப்போது ரொறன்ரோவில் கலியாண வீடு என்றாலும் அதுதான் "எங்கட மண்ணின் பாட்டு".

சரி, துண்டு எழுதுகிற எங்கட வயதுப் பெடியளிடம் வருவோம். "காசு குடுக்கிறம், கேட்டதை வாசிக்கட்டும்" என்பதுதானே உங்கட கதை? 2017 யூலையில் வெம்பிளியில் ரஹ்மானின் 'நேற்று இன்று நாளை' நிகழ்ச்சி நடந்தது. தமிழ்ப் பாட்டுக் கூடிப்போச்சு என்று ஹிந்திப் பாட்டுக் கேட்க வந்த ஒரு பகுதியினர் எழும்பிப் போனார்கள். ரிக்கெற் காசைத் திருப்பிக் கேட்டார்கள். அப்போது எங்களுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. கலைஞன் தனக்குப் பிடித்ததைப் பாடக்கூடாதோ எண்டு கேட்டோம். அதே கேள்வியைக் கோயில் வீதியில் ஏன் கேட்கிறோமில்லை?

காரணம் இருக்கு, அதைச் சொல்லித்தான் ஆகவேணும். ரஹ்மான் எங்களுக்கு நட்சத்திரம். மேளகாரரை இந்தச் சமூகம் பரம்பரையாகக் கோயிலுக்கும் பெரிய வீடுகளுக்கும் ஊழியம் செய்யக் கடமைப்பட்டவராக வைத்திருந்தது. முன்னுக்குச் சால்வை, பின்னுக்குச் சாதிப்பேச்சு. வித்துவான் என்று நோட்டீசில் அடிப்போம், வாசிக்கும்போது "அதை வாசி, இதை நிப்பாட்டு" என்று கை காட்டுவோம். அந்தத் துண்டில் இருப்பது வெறும் ரசனை இல்லை, உபயகாரரின் அதிகாரமும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கு. எங்களில் சாதி பார்க்காதவன் நான் என்று சொல்லிக்கொள்பவனும் அந்தத் துண்டை எழுதுகிறான்.

படப் பாட்டு வாசிக்கிறது பிழை என்று நாங்கள் சொல்லவில்லை. படத்தில் வந்தது போலவே வாசிப்பதைப் புதுமை என்று சொல்லாதீர்கள் என்கிறோம், அவ்வளவுதான். புதுமை எல்லாம் நல்லது என்றும் இல்லை. ஒக்டபாட்டைப் பக்கத்தில் வைத்துத் தவிலை அமுக்குகிற சில செற்றுகளைக் கேட்டால் எங்களுக்கும் தலையிடிதான். ஆனால் தோற்கிற உரிமை இல்லாமல் எந்தப் பரிசோதனையும் நடக்காது. சினிமாவில் உச்சத்தில் நின்ற இளையராஜா 1986இல் தியாகராஜரையும் பாக்கையும் ஒன்றாக வைத்து 'ஹவ் டு நேம் இட்' என்ற வாத்திய இசைத்தட்டைச் செய்தார். அதை யாரும் துண்டு எழுதிக் கேட்கவில்லை.

எங்களுக்குள்ளேயே ரசனை ஒத்துவராது. ஒருவருக்கு 'ரோஜா'வோடு ரஹ்மான் முடிஞ்சுது, இன்னொருவருக்கு அதற்குப் பிறகுதான் தொடங்குது. இது பற்றி விடிய விடியச் சண்டை பிடிப்போம், பிடிக்கவும் வேணும். பிடிக்காத வாசிப்பைப் பிடிக்கேல்லை என்று சொல்வது எங்கட உரிமை. வாசிக்கிற கையைப் பிடித்து நிறுத்துவது இல்லை.

ஆகவே இந்த முறை உபயம் செய்கிற பெடியளுக்கு ஒரு வேண்டுகோள். மேளச்சமாவில் முதல் ஒரு மணித்தியாலம் துண்டு வாங்கமாட்டம் எண்டு மைக்கில் சொல்லுங்கோ. அந்த ஒரு மணித்தியாலம் அவையின்ர கையில். எதையும் செய்து பார்க்கட்டும், சரிவராட்டி சரிவராமல் போகட்டும். பேனையோடு வாறவைக்கு ஒரு சுருள் கச்சான் வாங்கிக் குடுத்து இருத்துங்கோ.