'நரி தூக்கிட்டுப் போயிடுச்சு!' - உங்க வீட்டுக் கோழியைத் தூக்கியது நிஜமாகவே நரிதானா?

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் சாலையில் இருக்கிற மங்கலம்பேட்டைதான் என் ஆயா ஊர். பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போனால், ஆயா தண்ணீர்ச் சொம்போடு வருவதற்கு முன்பே கோழிகள் வந்து காலைச் சுற்றும். போன மாதம் போனபோது கொல்லையில் சத்தமே இல்லை. 11 குஞ்சு பொரித்திருந்த தாய்க்கோழியைக் காணோம். குஞ்சுகளிலும் 7 காணோம். மிச்சமிருந்த 4 குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்துவைத்துவிட்டு, பக்கத்திலேயே காவல் உட்கார்ந்திருந்தார் ஆயா.

"நரி தூக்கிட்டுப் போயிடுச்சு கண்ணு" என்றார்.

நமக்கு அது ஒரு கோழி. ஆயாவுக்கு அது மாதச் செலவு. முட்டை விற்கிற காசில்தான் பிரஷர் மாத்திரை வாங்குவார், போனுக்கு ரீசார்ஜ் செய்வார். பேரப்பிள்ளைகள் ஊருக்குக் கிளம்பும்போது கையில் திணிக்கிற நூறு ரூபாயும் அதிலிருந்து வருவதுதான்.

பக்கத்து வீட்டு மாமா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு யோசனை சொன்னார். "செத்த கோழி ஒண்ணுல குருணை மருந்தத் தடவி வேலியோரம் போட்டுடுங்க அத்த. ராத்திரி வந்து தின்னுட்டு அங்கேயே கெடக்கும்." ஆயா அவருக்குப் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். "நீ என்ன சொல்ற?" என்ற பார்வை அது. எனக்கும் உடனே பதில் தெரியவில்லை. தெரிந்துகொண்ட பிறகு எழுதுவதுதான் இது.

முதலில் தடயம் பாருங்க

கிராமத்தில் கோழி காணாமல்போனால் பழி முதலில் நரி மேல்தான் விழும். ஆனால், கோழி பிடிக்கிற கூட்டம் பெரிது. நரி, நாய், கீரி, மரநாய், காட்டுப்பூனை, பாம்பு, பெருச்சாளி, வல்லூறு, காக்கா என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றும் வருகிற நேரம் வேறு, வழி வேறு, விட்டுப்போகிற அடையாளமும் வேறு.

பெரிய கோழி முழுசாகக் காணாமல்போய், இறகு மட்டும் வேலிப்பக்கம் கோடுபோலச் சிதறியிருந்தால், நரியாகவோ நாயாகவோ இருக்கலாம். நாலைந்து கோழிகள் குதறப்பட்டு, தின்னாமல் அங்கங்கே கிடந்தால் பெரும்பாலும் தெருநாய்களின் வேலை. கழுத்திலும் தலையிலும் மட்டும் கடி இருந்தால் கீரி மேல் சந்தேகப்படலாம். அடையில் வைத்த முட்டை ஓடுகூட மிஞ்சாமல் மறைந்தால் பாம்பு விழுங்கியிருக்கும். குஞ்சுகள் ஒன்றொன்றாகக் குறைந்து, கூண்டு ஓரத்தில் வளையும் இருந்தால் பெருச்சாளியைத் தேடுங்கள். பட்டப்பகலில், திறந்த வெளியில், ரத்தமோ இறகோ இல்லாமல் குஞ்சு மறைந்தால், அண்ணாந்து பாருங்கள். வல்லூறு அல்லது காக்காவாக இருக்கும்.

நேரம் ரொம்ப முக்கியம். நரி பொழுது சாய்ந்த பிறகும் விடிவதற்கு முன்பும் நடமாடும். மரநாய் முழுக்க ராத்திரி ஜீவன், கூரை வழியாகக்கூட இறங்கும். கீரியோ பகலில் வேட்டையாடுவது. 'ராத்திரி பத்திரமா அடைச்சேனே, அப்புறம் எப்படி?' என்று குழம்புகிறவர்கள் பலர் மறந்துபோவது இதைத்தான்.

எங்கள் கொல்லையில் தேடிப் பார்த்தோம். தாய்க்கோழி கூண்டுக்குள் இருந்தபோது போகவில்லை. அன்றைக்குக் கூண்டுக் கதவைச் சாத்த மறந்திருக்கிறார் ஆயா. இறகுகள் வேலியைத் தாண்டி, கரும்பு வெட்டிய கொல்லைப் பக்கம் போயிருந்தன. அது நரியாகவே இருக்கலாம். ஆனால், 7 குஞ்சுகளும் அதற்கு முன்பே, ஒரு வாரமாகப் பகலில் ஒவ்வொன்றாகப் போயிருக்கின்றன. விறகுக் குவியலுக்கு அடியில் கீரி ஒன்று ஓடியதை மறுநாள் மதியம் என் கண்ணாலேயே பார்த்தேன். ஆக, திருடன் ஒருவன் இல்லை, இரண்டு பேர். குருணை மருந்து வைத்து நரி செத்திருந்தாலும், பகலில் வருகிற கீரி வந்துகொண்டேதான் இருந்திருக்கும்.

விஷம் ஏன் வேண்டாம்?

விஷத்துக்கு ஆள் அடையாளம் தெரியாது. நரிக்கு வைத்ததைப் பக்கத்து வீட்டு நாய் தின்னும், பூனை தின்னும், காக்கா கொத்தும். செத்ததைத் தின்கிற அடுத்த பிராணியும் சாகலாம். கோழிகள் மேய்கிற, பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் அந்த மருந்து கிடக்கும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

சட்டமும் இருக்கிறது. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி நரியும் கீரியும் முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்பில் இருக்கின்றன. கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். சேலம் மாவட்டம் வாழப்பாடிப் பக்கத்து கிராமங்களில், நரி முகத்தில் விழித்தால் நல்லது என்று நம்பி, பொங்கலையொட்டி வங்காநரி பிடிக்கிற வழக்கம் உண்டு. கொல்லாமல் திருப்பி விட்டுவிடுகிற அவர்களுக்கே வனத்துறை அபராதம் போடுகிறது.

இன்னொன்று, நரியும் கீரியும் நம் வயலின் எலிகளைத் தின்று வாழ்பவை. கடலையும் நெல்லும் போடுகிற இந்தப் பக்கத்தில் அந்த உதவி சின்னதில்லை. ஒரு நரியைக் கொன்றால் காலியான இடத்துக்கு இன்னொரு நரி வரும். கூண்டு திறந்திருந்தால் அதுவும் உள்ளே நுழையும்.

ராத்திரிக்குக் கதவு

செலவே இல்லாத பாதுகாப்பு, பொழுது சாய்வதற்குள் கோழிகளை அடைத்து, எண்ணிப் பார்த்துத் தாழ்போடுவது. மரத்திலும் சுவரிலும் அடைகிற கோழிகளை, சாயங்காலம் கூண்டுக்குள் கொஞ்சம் தீனி போட்டுப் பழக்கினால் சில நாள்களில் தானாக வந்துவிடும். கயிற்றுக் கட்டு போதாது, நல்ல கொண்டி வேண்டும். விடிந்து நன்றாக வெளிச்சம் வந்த பிறகு திறந்தால் போதும்.

கூண்டுக்கு நாம் வாங்குகிற அறுகோணக் கண் கோழிவலை, கோழி வெளியே போகாமல் தடுக்கத்தான். நாயும் நரியும் அதைக் கிழித்துவிடும், பெரிய கண் வழியாகப் பெருச்சாளி நுழைந்துவிடும். கீழ்ப்பகுதிக்காவது அரை அங்குலக் கண் உள்ள வெல்டிங் கம்பிவலை போடுங்கள். கூண்டைத் தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி உயர்த்தினால் இன்னும் நல்லது. தரையிலேயே இருந்தால், சுற்றிலும் ஓர் அடி ஆழத்துக்கு வலையைப் புதைக்க வேண்டும். தோண்டி வருகிற பிராணிகள் அங்கே தடுக்கப்பட்டுவிடும்.

எங்கள் வீட்டில் வலை வாங்கக் கை கடித்தது. அதற்கு விருத்தாசலத்தில் செராமிக் வேலைக்குப் போகிற சித்தப்பா வழி சொன்னார். உடைந்து கழித்த பீங்கான் துண்டுகளை இரண்டு மூட்டை கொண்டுவந்தார். கூண்டைச் சுற்றி ஓர் அடிக்குப் பள்ளம் எடுத்து, துண்டுகளைக் கொட்டி, மேலே மண் போட்டு இறுக்கினோம். மண் மூடியிருப்பதால் கோழிக் காலில் குத்தாது. புதிதாக வளை எதுவும் இதுவரை இல்லை.

பகலுக்குப் பஞ்சாரம்

குஞ்சுகளுக்கு முதல் ஒரு மாதம்தான் கண்டம். அதுவரை தாயோடு சேர்த்துப் பஞ்சாரத்தில் கவிழ்த்து, பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் மேயவிடுங்கள். கீரி தள்ளிக் கவிழ்க்காதபடி பஞ்சாரத்தின் மேல் ஒரு கல்லை வையுங்கள். விறகுக் குவியல், கல் குவியல், புதர் இவற்றைக் கூண்டிலிருந்து தள்ளிவையுங்கள். கீரியும் பாம்பும் ஒளிவது அங்கேதான். அதேநேரம், வல்லூறு வந்தால் குஞ்சுகள் ஓடி ஒளிய, பழைய கட்டிலோ, கீற்றுத் தட்டியோ வெளியில் போட்டுவையுங்கள்.

ஒரு சேவலாவது இருக்கட்டும். வானத்திலிருந்து ஆபத்து வந்தால் ஒரு குரல், தரையில் வந்தால் வேறு குரல் கொடுக்கும். கிறிஸ்டோபர் எவன்ஸ், பீட்டர் மார்லர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதை 1993-இல் சோதனை மூலம் காட்டினார்கள். அந்தக் குரலைக் கேட்டே கோழிகள் பதுங்கவோ, தலைதூக்கிப் பார்க்கவோ செய்கின்றன. ஆயாவிடம் சொன்னேன். "இதுக்கு எதுக்குச் சோதனை? எங்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார்.

கறிக்கடைக் கழிவையும் செத்த கோழியையும் வீட்டோரம் வீசாதீர்கள், ஆழப் புதையுங்கள். அந்த வாசனைதான் நாயையும் நரியையும் வீடுவரை கூட்டிவருகிறது. மேற்கொண்டு சந்தேகம் இருந்தால், பக்கத்தில் உள்ள அரசு கால்நடை மருந்தகத்திலோ, விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்கலாம்.

போன வாரம் ஆயா வீடியோ காலில் வந்தார். 4 குஞ்சுகளும் இருக்கின்றன, இறக்கை முளைத்து வேலி ஏறப் பார்க்கின்றன. "நரி வந்துச்சா ஆயா?" என்று கேட்டேன்.

"நேத்து ராத்திரிகூட ஊளை கேட்டுச்சு. நரி இடம் போனா என்ன, வலம் போனா என்ன, மேல விழுந்து புடுங்காம இருந்தா சரி" என்றவர், சட்டென்று எழுந்தார். "இரு கண்ணு, பொழுது சாயுது. கூண்ட சாத்திட்டு வரேன்."