கோடையும் றேந்தையும்

கோடை விடுமுறை பிறந்ததும் எம்மவர் இல்லங்களில் எழும் முதற் கேள்வி, பிள்ளையை எந்த வகுப்புக்கு அனுப்புவது என்பதே. ஆசிரியராகப் பணியாற்றிய நானும் என் மகனைக் கோடைதோறும் வகுப்புகளுக்கே அனுப்பினேன். நன்கு கற்றான். ஆயினும், இன்று என்னுடன் உரையாடத் தமிழ்ச் சொற்களைத் தேடுகிறான்.

ஆதலால் இக்கோடையில் அவனது நான்கு வயது மகளுடன் ரொறன்ரோப் பூங்காவொன்றின் மரநிழலில் அமர்ந்து றேந்தை பின்னுகிறேன். கண்ணிகளை எண்ணுவது அவள் பொறுப்பு. நூலை ஊசியில் ஒரு சுற்றுச் சுற்றினால் துளை விழும். கண்ணி ஒன்று கூடும். இரு கண்ணிகளைச் சேர்த்துப் பின்னினால் எண்ணிக்கை மீண்டும் சரியாகும். இவ்வாறே இருபது வரை தமிழில் எண்ணக் கற்றுவிட்டாள். எறும்பு, அணில், முகில் பற்றிய அவளது கேள்விகளுக்கும் தமிழிலேயே விடை கூறுகிறேன்.

எமக்கு முன்னரே இந்நகருக்கு வந்த அகதிகளுள், 1944இல் சோவியத் படைகளுக்கு அஞ்சித் தாயகம் நீங்கிய எஸ்தோனியரும் அடங்குவர். அவர்களது நாட்டின் ஹாப்சலு நகருக்குரிய றேந்தைச் சால்வை இன்றும் கையாலேயே பின்னப்படுகிறது. மூத்தோர் அருகில் இளையோர் அமர்ந்திராவிடின் அக்கலை எஞ்சியிருக்குமா?

இரு வேலை பார்க்கும் பெற்றோரின் களைப்பை அறிவேன். வகுப்புகளை முற்றாகக் கைவிடுமாறும் கூறவில்லை. வாரத்தில் ஒரு காலைப்பொழுதையேனும் பிள்ளைக்கென ஒதுக்குங்கள். றேந்தை பின்னத் தெரியாதோர் கீரை ஆயலாம், பயற்றங்கொடிக்குப் பந்தலிடலாம். கை வேலை செய்கையில் வாய் தமிழ் பேசட்டும். பெற்றோர் சிந்திப்பார்களாக.