ஒரு சொல்லின் பொருட்டு

ஆசிரியன் எழுதிய சொல்லை நடிகன் மாற்றலாமா? பாடசாலையில் நாடகம் பழக்கிய காலத்திலே "கூடாது" என்றே மாணவர்க்குக் கூறிவந்தேன். சார்ள்ஸ் கில்பினின் வாழ்க்கையை அறிந்தபின் அந்த உறுதி எனக்கில்லை.

1878இல் அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்து றிச்மண்ட் நகரிற் பிறந்த கறுப்பினக் கலைஞர் இவர். அச்சகம், புகையிரதம், முடிதிருத்தகம், மின்தூக்கி என வயிற்றுப்பாட்டுக்குச் செய்த தொழில்கள் பல. நடிப்பு இடையிடையே வாய்த்தது. 1919இல் 'ஏபிரகாம் லிங்கன்' நாடகத்திலே கறுப்பினப் போதகராகச் சிறு வேடமொன்று ஏற்றார்.

மறு ஆண்டு நவம்பர் 1ஆம் நாள், நியூயோர்க்கின் சிற்றரங்கொன்றில் யூஜீன் ஓநீலின் 'எம்பரர் ஜோன்ஸ்' அரங்கேறியது. சிறையினின்று தப்பி, தீவொன்றிலே தன்னைத் தானே பேரரசனாக்கிக்கொண்ட முன்னாள் புகையிரதப் பணியாளன், குடிகள் கிளர்ந்தெழவே இரவிற் காட்டினூடாக ஓடுகிறான். முரசொலி அவனை விடாது தொடர்கிறது. எட்டுக் காட்சிகள், பெரும்பகுதி தனிமொழி. கறுப்பர் வேடத்திற்கு வெள்ளையரே முகத்திற் கரி பூசிவந்த அக்காலத்தில் அந்நாடகத்தைக் கில்பின் ஒருவரே தோளிற் சுமந்தார்.

அவ்வாண்டில் அரங்கிற்கு அரும்பணி ஆற்றிய பத்துப் பேருள் ஒருவராக நியூயோர்க் நாடகக் கழகம் அவரைத் தெரிந்தது. கறுப்பரோடு பந்தியில் அமர்வதா என உறுப்பினர் சிலர் முறுமுறுத்தனர். ஓநீல் ஏனைய கலைஞரைத் திரட்டி எதிர்த்து நின்றார். 1921இல் கில்பின் விருந்துக்குச் சென்றார். அவையோர் கரகோஷம் செய்தனர்.

அத்தகைய ஓநீலுடன்தான் பிணக்கு மூண்டது. கறுப்பரை இழிக்கும் வசைச்சொல் ஒன்று நாடகத்தில் மீண்டும் மீண்டும் வருகிறது. கில்பின் அதனை விடுத்து, அந்நாளில் மதிப்புடையதாயிருந்த 'நீக்ரோ' முதலிய சொற்களை இட்டார். ஓநீல் சினந்தார். பாத்திரத்தின் வாய்மொழி அதுவே என்பது ஆசிரியன் பக்க நியாயம். நான் அதனைத் தள்ளிவிடேன். ஆயினும் இரவுதோறும் அச்சொல்லைத் தன் வாயால் உரைக்கவேண்டியிருந்தவர் ஓநீல் அல்லரே! கில்பினின் குடிப்பழக்கமும் பிணக்கை வளர்த்தது. 1924இல் நாடகம் மீண்டும் மேடையேறியபோது வேடம் போல் றோப்சனுக்குப் போயிற்று. அடுத்த ஆண்டு லண்டனிலும் அவரே நடித்தார்.

திரையிலும் கில்பினுக்கு வாய்த்தது சொற்பமே. 1926இல் பிலடெல்பியாவிலே கறுப்பின நடிகரைக் கொண்டு எடுத்த மௌனப் படமொன்றில், குடியாற் சீரழியும் தந்தையாக நடித்தார். 'அங்கிள் ரொம்ஸ் கபின்' படத்திற்குத் தெரிவாகியும் அவ்வேடம் பிறர் கைக்குப் போனது.

1930 மே 6ஆம் நாள் தம் 51ஆம் வயதில் அவர் காலமானார். 'எம்பரர் ஜோன்ஸ்' 1933இலேதான் பேசும் படமாயிற்று, அதிலும் றோப்சன். 1946இலே ஓநீல் தம் நாடகங்களைத் திரும்பிப் பார்த்தபோது, தாம் மனத்திற் கண்ட பாத்திரத்தை முழுமையாக மேடையிற் கொணர்ந்த நடிகர் ஒருவரே என்றார். அவர் கூறிய பெயர் கில்பின்.