கையைத் தூக்கச் சொன்னால் உண்மை வருமா?

இவ்வாண்டு நம் பள்ளிக் கண்காட்சிக்கு வந்த பெற்றோர் பலர், நான்காம் வகுப்புச் சிறுமியர் தொங்கவிட்டிருந்த ஓர் அட்டையின் முன் நின்று பாராட்டிச் சென்றார்கள். ‘எங்களுக்குப் பிடித்த பழம்’ என்பது அதன் தலைப்பு. பலாப்பழத்துக்குரிய மஞ்சள் பட்டை மற்றவற்றைவிட உயர்ந்து நின்றது. கீழே, ‘நம் பள்ளி மாணவியருக்கு மிகவும் பிடித்தது பலாப்பழமே’ என்று முத்துமுத்தான எழுத்தில் எழுதியிருந்தது. (அவ்வெழுத்து யாரோ ஓர் அக்காவுடையது என்பது வேறு விஷயம்!) பிறகு விசாரித்தபோதுதான் தெரிந்தது, அவர்கள் கேட்டதெல்லாம் பண்ருட்டியிலிருந்து வேனில் வரும் பிள்ளைகளிடம் மட்டுமே என்று. பலாவுக்குப் பேர்போன ஊர்க்காரர்கள் வேறு எதைச் சொல்வார்கள்?

பிழை அச்சிறுமியருடையது அன்று. உதவிக்கென்று அனுப்பப்பட்ட பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுடையது. நேர்க்கோட்டுக் குறி போடவும், பட்டை வரையவும், வண்ணம் தீட்டவும் கற்றுக் கொடுத்தோம். யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்பதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. கணிதப் புத்தகத்தில் ‘தகவல் செயலாக்கம்’ என்ற பாடம் சுலபமாக மதிப்பெண் கிடைக்கும் பாடம் என்பதால் நாங்களும் அதை அப்படித்தான் படித்திருந்தோம்.

‘கணக்கெடுப்பு பெரியவர்கள் வேலை, குழந்தைகளுக்கு எதற்கு?’ என்று சிலர் கேட்கலாம். 1916-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களிடம் கேள்விகளைக் கொடுத்துக் கிராமங்களை ஆராய்ந்து எழுதச் செய்தார். அவற்றுள் ஒன்று இருவேல்பட்டு. அன்று அது கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. இன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. மாணவர்கள் எழுதியவை 1918-இல் நூலாக வந்தன. அதை வைத்துக்கொண்டு 1930களிலும், 1980களிலும், 2008-லும் அறிஞர்கள் அதே ஊருக்குப் போய், நிலமும் கூலியும் எவ்வளவு மாறியிருக்கின்றன என்று பார்த்தார்கள். கல்லூரி மாணவர்கள் ஒழுங்காகக் கேட்டு எழுதியது நூறாண்டு நின்றது. எங்கள் பலாப்பழ அட்டை ஒரு வாரம் நின்றது.

ஆகவே மறுபடி தொடங்கினோம். சிதம்பரத்திலிருந்து ரயிலில் வரும் எங்களுள் இருவர், ஆருத்ரா தரிசனத்தன்று கீழவீதியில் தம்பி தங்கையரைக் கொண்டு பூக்கடைகளை எண்ணச் செய்தார்கள். அடுத்த வாரம் ஒரு சாதாரண நாளில் அதே இடத்தில் எண்ணச் செய்தார்கள். இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்தவுடன், ‘திருவிழா அன்று’ என்ற சொல்லைத் தம்பியே தலைப்பில் சேர்த்துவிட்டான். இதற்கு நாங்கள் விளக்கம் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கஷ்டமானது அடுத்ததுதான். ‘இன்று காலை சாப்பிட்டு வந்தீர்களா?’ என்று நான்காம் வகுப்பில் கேட்டோம். எல்லாக் கைகளும் மேலே போயின. முன் வரிசையில் ஒருத்தி பக்கத்திலிருந்தவளைப் பார்த்த பிறகே கையைத் தூக்கினாள். அதைக் கண்டதும் எங்களுக்கு மனம் உறுத்தியது.

மறுநாள் ஒவ்வொருத்திக்கும் ஒரு புளியங்கொட்டையும் ஒரு கூழாங்கல்லும் கொடுத்தோம். கதவுக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் போய், சாப்பிட்டிருந்தால் கொட்டையையும் இல்லாவிட்டால் கல்லையும் முதல் பானையில் போட்டுவிட்டு, மீதியை அடுத்த பானையில் போட வேண்டும். “அக்கா, கல் விழுந்தால் சத்தம் கேட்குமே!” என்றாள் ஒரு சின்னப் பெண். எங்களுக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியது. இரண்டு பானைகளுக்குள்ளும் துணியை மடித்துப் போட்டோம்.

முதல் பானையைக் கவிழ்த்தபோது கற்களும் இருந்தன. எத்தனை என்று இங்கே அச்சிடவில்லை. சிறிய வகுப்பு, யார் யார் என்று ஊகித்துவிடுவார்கள். நாடு முழுவதும் எடுக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தனி ஒருவர் சொன்னதை வெளியிடக்கூடாது என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நான்காம் வகுப்புக்கு மட்டும் அந்த மரியாதை வேண்டாமா?

முடிவை எழுதச் சொன்னோம். ‘ஏழைப் பிள்ளைகள் சாப்பிடாமல் வருகிறார்கள்’ என்று ஒருத்தி எழுதினாள். “கல் அப்படிச் சொல்லிற்றா?” என்று கேட்டோம். வெகுநேரம் யோசித்தாள். அடித்துவிட்டு, ‘இன்று காலை எங்கள் வகுப்பில் சிலர் சாப்பிடாமல் வந்தார்கள். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை’ என்று எழுதினாள். கண்காட்சி அட்டைகள் அனைத்தையும்விட எங்களுக்குப் பிடித்த வாக்கியங்கள் இவையே.

அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு 2022-ஆம் ஆண்டு முதல் காலை உணவுத் திட்டம் வந்தபோது, ‘கான்வென்ட் பிள்ளைகளுக்கு ஏது பசி?’ என்று எங்களில் சிலரே பேசியதுண்டு. விடியுமுன் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்விடும் தாயின் மகளும், ஆறரை மணி வேனைப் பிடிப்பவளும் நம்மோடுதான் அமர்ந்திருக்கிறார்கள். பெற்றோர் இதைப் படித்து மகளைக் கடிந்துகொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். அப்புறம் அடுத்த முறை எல்லாரும் புளியங்கொட்டையே போடுவார்கள்!

தாளைச் சிஸ்டரிடம் கொடுத்தோம். யார் என்று அவரும் கேட்கவில்லை. இப்போது முதல் மணிக்கு முன் பத்து நிமிடம் வகுப்பில் யாரும் டப்பாவைத் திறக்கலாம். அடுத்த பருவத்தில் அதே கேள்வியை, அதே இரண்டு பானைகளோடு, மறுபடி கேட்கப் போகிறோம். துணியைத் துவைத்து வைத்திருக்கிறோம்.