எக்ஸ்ரேக்குச் சாதி தெரியாது

பெருந்துறைப் பக்கம் ஓர் ஆலையில் பதினேழு வருஷம் பாய்லர் ரிப்பேருக்கு வெல்டிங் வைத்தேன். அருந்ததியர் தெருவிலிருந்து போனவன். ட்யூப் ஓட்டையானால், சூடு முழுசாகத் தணியும் முன்னே உள்ளே புகுந்தவன் நான். "நீங்கெல்லாம் பழகுனவங்கடா, உள்ள போ" என்பார் ஃபோர்மேன். எதற்குப் பழகினவர்கள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சம்பளப் பதிவேட்டில் நான் 'ஹெல்ப்பர்'. சர்டிபிகேட் அவருடைய மச்சான் பெயரில். மச்சான் ஷெட்டை விட்டு அசைய மாட்டார்.

அழுத்தம் தாங்கும் பாகங்களில் வெல்டிங் வைப்பவர் தேர்வில் தேறியிருக்க வேண்டும் என்கின்றன 1950-ஆம் ஆண்டின் இந்திய பாய்லர் விதிகள். நல்ல விதிதான். ஜாயிண்ட் வெடித்தால் சாவது நாம்தானே! துண்டுக் குழாய்களை இணைத்துக் காட்டணும். அதை வளைத்துப் பார்ப்பார்கள், எக்ஸ்ரே எடுப்பார்கள். எக்ஸ்ரே வெல்டிங்கில் உள்ள ஓட்டையைத்தான் தேடும். எந்தத் தெரு என்று கேட்காது. கேட்கிறவர்கள் அதற்கு முன்னாலேயே நிற்கிறார்கள், யாரைத் தேர்வுக்கு அனுப்புவது என்று முடிவெடுக்கும் இடத்தில்.

1923-ஆம் ஆண்டுச் சட்டம் போய் 2025-இல் புதிய பாய்லர் சட்டம் வந்துவிட்டது. சட்டம் மாறுது, பெயர் எழுதுகிற கை மாறலையே, தோழர்களே?

'தகுதி, திறமை' என்று நம்மைப் பார்த்துப் பேசுகிறவர்களிடம் நான் சலுகை கேட்கவில்லை. சோதனையைத்தான் கேட்கிறேன். உள்ளே புகுந்து வெல்டிங் வைக்கிறவனை நிர்வாகம் தன் செலவில் தேர்வுக்கு அனுப்பட்டும். தேறினால் பதிவேட்டில் 'வெல்டர்' என்று எழுதட்டும். அதற்குரிய கூலியும் கொடுக்கட்டும். சர்டிபிகேட் அவன் கையில் இருக்கணும், ஆபீஸ் பீரோவில் அல்ல. சங்கத் தோழர்களே, போனஸ் கோரிக்கைக்குப் பக்கத்தில் இதையும் எழுதுங்கள்.