மீன் தொட்டியில் துணை தேடாதீர்கள்

இனம் இனத்தோடு சேரும் என்பது நம் ஊர்ப் பேச்சு. வீட்டில் கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் அதை மறந்துவிடுவது நல்லது. பவளத்திட்டு மீன்களில் பல, தன்னைப் போலவே நிறமும் உருவமும் உள்ள மீனைத்தான் முதலில் துரத்தும். வேறு சாயலில் இருக்கும் மீன் பக்கத்தில் போனால் பெரும்பாலும் ஏறெடுத்தும் பார்க்காது.

எங்கள் காலை நடைக் கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் வீட்டில் உப்புநீர்த் தொட்டி உண்டு. பேரப்பிள்ளைகளுக்காக வாங்கியது, கடைசியில் தாத்தாவின் வேலையாகிவிட்டது. எங்கள் வீட்டிலும் அதே கதைதான். அவர்களில் ஒருவர் போன மாதம் வருத்தத்தோடு சொன்னார்: “ஒத்தையா சுத்துதே, பாவம்னு இன்னொரு பவுடர் புளூ டேங் வாங்கி வந்து விட்டேன் சார். மூணாம் நாள் மூலையில செத்துக் கிடந்தது.” ஜோடியாக இருந்தால் அழகாக இருக்கும் என்று கடையிலும் சொன்னார்களாம். என்னைக் கேட்டால், அந்தப் “பாவம்” என்ற நினைப்புதான் மீனைக் கொன்றது.

கொன்ராட் லோரென்ஸ் என்ற ஆஸ்திரிய அறிஞர், 1973ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர். ஆக்ரோஷம் பற்றி 1963ல் ஜெர்மனில் ஒரு நூல் எழுதினார். பள்ளியில் பிரெஞ்சு படித்த புண்ணியத்தில் அதன் பிரெஞ்சு மொழிபெயர்ப்பைப் படித்திருக்கிறேன். நூல் தொடங்குவதே பவளத்திட்டு மீன்களில்தான். சுவரொட்டி போல் பளிச்சென்ற அந்த நிறங்கள் எதற்கு? இது என் இடம் என்று தன் இனத்துக்கு அறிவிக்க, என்பது அவர் விளக்கம். எல்லா மீனுக்கும் அது பொருந்தவில்லை என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். மனிதரைப் பற்றி அவர் எழுதியதில் பலவற்றையும் மறுத்தார்கள். ஆனால் தொட்டி வைத்திருப்பவருக்கு அதிலுள்ள அடிப்படை போதும்: ஒரே பாசியை மேய வரும் இன்னொரு வாய்தான் மீனுக்குப் பகையாளி.

டேங் மீனுக்கு வாலின் அடியில் இரண்டு பக்கமும் கத்தி போல ஒரு முள் இருக்கிறது. பிரெஞ்சில் அதன் பெயரே ‘அறுவை மருத்துவர் மீன்’. கடலில் இந்தக் கத்திக்கு அதிகம் வேலை இருக்காது. தோற்ற மீன் ஓடிவிடும், சண்டை முடிந்துவிடும். நாலு அடித் தொட்டியில் அது எங்கே ஓடும்? எந்தப் பக்கம் போனாலும் கண்ணாடி. திரும்பினால் அதே எதிரி. அந்த அச்சத்திலேயே சாப்பாட்டை விட்டு, வெள்ளைப் புள்ளி நோய் கண்டு போய்விடும்.

நம் பிள்ளைகள் ‘நீமோ’ என்று சொல்லும் கோமாளி மீன் கொஞ்சம் வேறு மாதிரி. இரண்டை ஒன்றாக வைக்கலாம், ஆனால் ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்று இளசாகப் பார்த்து வாங்க வேண்டும். இவை எல்லாம் முதலில் ஆணாகத்தான் வளரும். பெரியது பெண்ணாக மாறும். கடலில் ஒரே கடல் சாமந்தியில் வாழும் சிறிய மீன்கள், மேலே உள்ளதை மிஞ்சாதபடி தங்கள் வளர்ச்சியையே அடக்கிக்கொள்கின்றன என்று 2003ல் ஓர் ஆய்வு காட்டியது. சீனியாரிட்டி லிஸ்ட் தெளிவாக இருந்தால் ஆபீசில் சண்டை குறையும் என்பது எனக்குத் தெரிந்த விஷயம். ஒரே செக்‌ஷனில் இரண்டு ஹெட் கிளார்க்கைப் போட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

ஒரே சாயல் மீன்கள் இரண்டை வைத்தே தீருவேன் என்பவர்களுக்குச் சில வழிகள் உண்டு. சாதுவான மீனை முதலில் விடுங்கள், முரட்டு மீனைக் கடைசியில். புதியதைத் துளையிட்ட பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, அதே தொட்டிக்குள் சில நாள் வைத்தால் பார்த்துப் பழகும். விடும் நாளில் கற்களை இடம் மாற்றி அடுக்கினால், பழைய மீனுக்கு எது தன் எல்லை என்று தெரியாமல் போகும். விளக்கை அணைத்துவிட்டு விடுவது நல்லது. தொட்டிக்கு வெளியே ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்தால், முரடன் தன் பிம்பத்தோடு மல்லுக்கு நிற்கும். எதுவும் பலிக்காவிட்டால், அடி வாங்கியதை விட்டுவிட்டு அடித்ததைப் பிடித்துச் சில நாள் தனியே வையுங்கள். திரும்பி வரும்போது அது புதியவனாகிவிடும்.

இவை முதல் வாரத்தைக் கடத்த உதவும். தொட்டியின் நீளத்தைக் கூட்டாது. துடுப்பு கிழிந்திருந்தாலோ, தீனி போடும்போது ஒன்று மட்டும் மூலையைவிட்டு வராமல் இருந்தாலோ, சமாதானம் ஆகும் என்று காத்திருக்காதீர்கள்.

கோமாளி மீனை மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்திருக்கிறார்கள். பவுடர் புளூ டேங் அப்படியில்லை, பெரும்பாலும் கடலில் பிடித்து வருவதுதான். ஒன்று செத்தால், அந்த இடத்துக்கு இன்னொன்றைப் பிடிப்பார்கள். நம் இரக்கத்துக்கு அது கொடுக்கும் விலை அது.

ஆகவே ஒற்றை டேங் தனியாகச் சுற்றட்டும். அதற்குத் தனிமை வலிக்கிறது என்று நினைப்பது நாம், நம் வயதின் நினைப்பு அது. தொட்டியில் கலகலப்பு வேண்டுமானால் வேறு சாயல், வேறு தீனி உள்ள மீனைப் பாருங்கள். அதே சாயலில் இரண்டாவது வேண்டும் என்றால், கடையில் பணம் கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: ஒத்துப்போகாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா? முடியாது என்றால், மீனைப் பார்த்து ரசித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.